பெயருக்கா விலை, துப்பாக்கிக்கா?

பழைய ரிவால்வர் கைமாறும் இடத்தில் முதலில் வரும் கேள்வி, "என்ன மேக்?" என்பதுதான். வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் என்று பதில் வந்தால் பேச்சு லட்சங்களில் தொடங்குகிறது. சிலிண்டர் சரியாகப் பூட்டுகிறதா என்று கேட்பவர்கள் அபூர்வம். காவல் துறை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பரிசோதித்துப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லைசென்ஸ் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்களும் நகைக்கடைக்காரர்களும், வாங்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னை அழைப்பார்கள். பார்த்தவரையில் சொல்கிறேன்: நம் நாட்டில் பழைய ரிவால்வரின் விலைக்கும் அதன் நிலைமைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. இதில் போவது பணம் மட்டுமல்ல. விரலும் கண்ணும் போகலாம்.

இதற்குக் காரணம் உண்டு. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி தருவித்துக்கொள்ளும் வழி 1980-களின் நடுவில் ஏறக்குறைய அடைபட்டது. .38 போன்ற ரகங்கள் தடை செய்யப்பட்டவை என்பதால், சாதாரண லைசென்ஸ்தாரருக்குப் பெரும்பாலும் .32 ரிவால்வர்தான். அதிலும் வெளிநாட்டவை என்றால் அன்று வந்து சேர்ந்தவையே இன்றும் சுற்றுகின்றன. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் ஒன்று இங்கே பல லட்சத்துக்குப் போகிறது. வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் இங்கிலாந்தில் துப்பாக்கி உற்பத்தியை 1979-லேயே நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து வெப்லியில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் அசல் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். வெப்லி வடிவத்தை ஒட்டிக் கான்பூரில் செய்யப்படும் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வரை, அது நல்ல நிலையில் இருந்தாலும், பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்காரருக்காக ஒரு வெப்லியைப் பார்த்தேன். கண்ணாடிபோல் கருநீலப் பளபளப்பு. அந்தப் பளபளப்பே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. குழல்மேல் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. திருகுத் தலைகளின் வெட்டு சிதைந்திருந்தது. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மதிப்பு கூடாது, குறையும்; ஆங்காங்கே தேய்ந்துபோன அசல் பூச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, திறந்து, சிலிண்டரில் உள்ள ஆறு தோட்டா அறைகளும் காலியா என்று பார்க்க வேண்டும். விற்பவர் காலி என்று சொன்னாலும் நாமே பார்க்க வேண்டும். பிறகு ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் கடைசிவரை வருவதற்குள் சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் சுழன்ற வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. ஏற்காட்டு வெப்லி ஐந்து அறைகளில் பூட்டியது, ஆறாவதில் பூட்டவில்லை. அப்படிப்பட்ட அறையிலிருந்து வெடித்தால் தோட்டா குழலுக்குள் நேராக நுழையாது. ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும்.

ஹேமரை இழுத்து நிறுத்தி, பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது விழக் கூடாது. சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை, மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜால் அளக்கலாம். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை சரி, 0.25-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். வெப்லிபோல் மடங்கித் திறப்பதாக இருந்தால், மூடிய பின் குழல் ஆடுகிறதா, கொக்கி இறுக்கமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழலுக்குள் வெளிச்சம் விட்டால் துருக்குழிகள் தெரியும். குறுக்கே வளையம்போல் நிழல் விழுந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பூச்சின் அழகைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நம் ஊருக்கே உரிய கேடுகளும் உண்டு. தோல் உறையிலேயே வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் சேர்த்துவிடும். கடலோர ஊர்களில் இது மிக மோசம். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் தடவாமல் ஒப்படைத்தவை துருவோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. கூடுதலாக இருந்ததைக் கைவிட வேண்டிய கட்டாயம் வந்தது. லைசென்ஸ்தாரர் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க எண்ணினால், மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்பதும் சட்டம். அந்த 45 நாளில் ஆளைப் பற்றி விசாரிக்கலாம், காகிதங்களைச் சரிபார்க்கலாம், எண்ணை ஒத்துப் பார்க்கலாம். சுட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பழைய வண்டிக்குத் தகுதிச் சான்று கேட்கும் அரசு, பழைய துப்பாக்கிக்கும் கேட்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு துப்பாக்கியையும் தகுதியுள்ள ஆர்மரர் ஒருவர் பரிசோதித்து, ஒரு பக்க அறிக்கையைக் கோப்பில் இணைக்க வேண்டும். மாவட்ட ஆயுதப்படைகளில் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள், கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். அந்த விதி வரும்வரை, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆர்மரர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காட்ட மறுப்பவரிடம் எந்தப் பெயர் பொறித்த துப்பாக்கி இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.