துப்பாக்கி சுடுதல்: குறி தவறாத கையை உருவாக்குவது எது?

புதுடெல்லி: பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச்சுற்றில், 2024 ஜூலை 28 அன்று இந்திய வீராங்கனை மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலப் பதக்கம் வென்றார். அவரைப் பின்தள்ளி வெள்ளிப் பதக்கத்தை உறுதி செய்த தென் கொரியாவின் கிம் யேஜி அந்தக் கட்டத்தில் எடுத்திருந்தது 221.8 புள்ளிகள். தலா 22 முறை சுட்ட பிறகு இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 0.1 மட்டுமே.

இத்தனை நுணுக்கமான விளையாட்டில் சிறந்து விளங்குவோருக்குக் கூர்மையான கண்ணும் நடுங்காத கையும் பிறவியிலேயே வாய்த்திருக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. சுடுதளங்களில் கற்பிக்கப்படும் பாடம் வேறு.

முற்றிலும் நடுங்காத கை என்று ஒன்று கிடையாது. ஏர் பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும் என்பது விதி. ஒன்றரை கிலோ வரை எடையுள்ள அந்தத் துப்பாக்கியை நீட்டிப் பிடிக்கும்போது மூச்சும் இதயத்துடிப்பும் தசைகளின் சோர்வும் அதன் முனையை அசைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுப் பயிற்சி அந்த அசைவைச் சுருக்குகிறதே தவிர, நிறுத்துவதில்லை. புதிதாகச் சுடுபவர், முனை இலக்கின் மையத்தைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிட எண்ணி விசையை வெடுக்கென்று இழுக்கிறார். தேர்ந்தவர் அசைவைப் பொருட்படுத்தாமல், விசையின் மீது சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுகிறார். குண்டு வெளியேறும் கணம் அவருக்கே ஏறக்குறைய எதிர்பாராததாக அமைகிறது.

கண்ணின் பங்கும் பலர் நினைப்பது போன்றதல்ல. பிஸ்டல் சுடுபவர் இலக்கைக் கூர்ந்து பார்ப்பதில்லை. துப்பாக்கியின் நுனியில் உள்ள குறிமுனையையே தெளிவாகப் பார்க்கிறார். பத்து மீட்டர் தொலைவில் உள்ள கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரியும். இதற்கான காரணம் எளிய கணக்கு. முன் குறிமுனைக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் தூரம் என்று கொண்டால், அவற்றின் நேர்கோட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகு ஏற்பட்டாலும் இலக்கில் குண்டு சுமார் 30 மில்லிமீட்டர் விலகிவிடும். பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டர் பிசகு, பத்தை ஏழாக்கிவிடும். ஆனால் கை முழுவதுமாகச் சற்றே விலகினால் குண்டும் அதே சிறு அளவே விலகும். எனவே கை ஆடலாம். குறிகளின் நேர்கோடு குலையக் கூடாது.

பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச், சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் சுடும் படம் உலகெங்கும் பரவியது. கால்சட்டைப் பையில் அவர் கையை விட்டிருந்ததை அலட்சியம் என்று பலர் ரசித்தனர். உண்மையில் அது உடல் அசைவைக் குறைக்கப் பிஸ்டல் வீரர்கள் வழக்கமாகக் கையாளும் முறை.

கை, கண் இரண்டையும் விட மனமே இந்த விளையாட்டில் பெரிது என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் போதுமான சான்றுகளைத் தந்தது. ஆடவர் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச்சுற்றில் கடைசிக் குண்டு மட்டும் மீதமிருந்த நிலையில் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமநிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினென் 9.7. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் அந்த ஒரு குண்டில் கிடைத்தது. சில நாட்களில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் கடைசிக் குண்டு வரை முன்னிலையில் இருந்த அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ், எண்ணியதற்கு முன்பே விசையை அழுத்திவிட்டதால் 4.4 மட்டுமே எடுத்துப் பதக்கமின்றி வெளியேறினார். அதே போட்டியில் இரு பதக்கங்கள் வென்ற வட கொரியாவின் கிம் ஜோங்-சு, புரோப்ரானலால் என்ற மருந்தைப் பயன்படுத்தியது தெரியவந்ததால் இரண்டையும் இழந்தார். இதயத்துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் மருந்து அது. மற்ற விளையாட்டுகளில் ஊக்கமருந்து என்றால் வேகமும் வலுவும் நினைவுக்கு வரும். இங்கே தடை செய்யப்பட்டிருப்பது, மாத்திரையால் பெறும் அமைதி.

அந்த அமைதியை நேர்வழியில் பெறுவதற்கான பயிற்சி சலிப்பூட்டக்கூடியது. குண்டு இல்லாத துப்பாக்கியை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை உயர்த்தி, குறிபார்த்து, விசையை அழுத்திப் பழக வேண்டும். அதைவிடக் கடினமானது சுடாமல் இருக்கக் கற்பது. குறிபார்த்த பின் மனத்தில் சிறு ஐயம் எழுந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தகுதிச் சுற்றில் 60 முறை சுட 75 நிமிடங்கள் இருப்பதால் அது இயலும். இறுதிச்சுற்றின் பிற்பகுதியில் ஒவ்வொரு முறைக்கும் 50 விநாடிகளே. அங்கே, வந்தது வரட்டும் என்று சுட்டுவிடும் ஆசையே முதல் எதிரி.

இந்திய அணியின் அண்மைக்கால ஏற்ற இறக்கத்தையும் இந்தப் பின்னணியில்தான் காண வேண்டியுள்ளது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற 15 பேரில் ஒருவரும் பதக்கம் வெல்லவில்லை. அவர்களில் தகுதிச் சுற்றில் 586 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த சௌரப் சௌத்ரி, இறுதிச்சுற்றில் ஏழாம் இடத்துக்குச் சரிந்தார். மனு பாக்கருக்கு ஆட்டத்தின் நடுவே துப்பாக்கி பழுதாகி மதிப்புமிக்க நிமிடங்கள் பறிபோயின; இரண்டு புள்ளிகளில் இறுதிச்சுற்று கைநழுவியது. பாரிஸில் நிலைமை நேரெதிர். தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்த ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து மனு இரண்டாவது வெண்கலத்தையும் பெற்றார்.

இடையே மாறியவற்றுள் ஒன்று, அணியைத் தேர்ந்தெடுத்த விதம். ஒலிம்பிக் இடத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்தவர் என்பதால் மட்டும் ஒருவருக்கு வாய்ப்பு உறுதியாகவில்லை. 2024 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியிலும் போபாலிலும் நடந்த நான்கு தேர்வுப் போட்டிகளில் ரைபிள், பிஸ்டல் வீரர்கள் மீண்டும் மோத வேண்டியிருந்தது. 2022-ல் உலக சாம்பியன் பட்டம் வென்று ஏர் ரைபிளில் இந்தியாவுக்கு இடம் பெற்றுத் தந்த ருத்ராங்க்ஷ் பாட்டீல் அதில் பின்தங்கி வாய்ப்பை இழந்தார். உலக சாம்பியனை விட்டுச் செல்வதா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அவரது பிரிவில் சென்ற அர்ஜுன் பபுதா நான்காம் இடமே பெற்றார். எனினும், பதற்றத்தின் நடுவே சுடும் திறனைப் பழைய பட்டங்களைக் கொண்டு அளப்பது கடினம். சொந்த மண்ணில் நடக்கும் தேர்வுப் போட்டி ஒலிம்பிக் இறுதிச்சுற்றுக்கு ஈடாகாது என்றாலும், கையில் உள்ள அளவுகோல்களில் அதுவே கொஞ்சம் நெருக்கமானது.

அத்தகைய பதற்றத்தைப் பழகிக்கொள்ளும் பெரிய மேடைகளோ குறைந்து வருகின்றன. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கி சுடுதல் இடம்பெறவில்லை. 2026 கிளாஸ்கோ போட்டிக்கான பட்டியலிலும் அது சேர்க்கப்படவில்லை. பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் போட்டிகளில், ஒலிம்பிக்குக்கு முன் இந்திய வீரர்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய களம் ஆசிய விளையாட்டு ஒன்றே. ஹாங்சோவில் 2023-ல் அங்கே இந்தியத் துப்பாக்கி வீரர்கள் வென்றது 22 பதக்கங்கள்.