கருவண்டு பம்பிள்பீ அல்ல

முருங்கைப் பூங்கொத்தில் தொங்கிக்கொண்டு காதடைக்க இரையும் பெரிய கருவண்டைக் கொங்கு நாட்டில் பார்க்காதவர் குறைவு. அதற்கு இப்போது ‘பம்பிள்பீ’ என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடப் படங்களிலும் மாடித்தோட்டக் குழுக்களிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் இதே பெயர்தான். பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் பின்னாலேயே வேறு சில முடிவுகளும் வருகின்றன: நீலகிரியில் இவை நிறைய இருக்கும், தக்காளிக் காட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டிகளை வாங்கி வைக்கலாம், வீட்டு உத்திரத்தைத் துளைப்பவற்றைக் கொன்றுவிடலாம். முதல் பிழை மற்ற பிழைகளுக்கு வழிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கறுப்பு உடல், மஞ்சள் முதுகு, உரத்த ரீங்காரம். பம்பிள்பீ என்று சொல்ல வேறென்ன வேண்டும்?”

வேறு நிறைய வேண்டும். முதலில் வயிற்றுப் பகுதியைப் பாருங்கள். நம் கருவண்டின் வயிறு மேல்புறம் பெரும்பாலும் மயிரின்றி மினுமினுக்கும். பம்பிள்பீ குளிர் நாட்டு உயிர். உடல் முழுக்க அடர்ந்த மயிர். அடுத்து பின்னங்கால். பெண் பம்பிள்பீயின் காலில் மகரந்தத்தை உருண்டையாக அடைத்துவரும் வழவழப்பான கூடை உண்டு. கருவண்டின் காலில் இருப்பது மகரந்தத் துகள் ஒட்டிக்கொள்ளும் தூரிகை மயிர்தான். குடியிருப்பும் வேறு. பம்பிள்பீ பெரும்பாலும் பழைய எலிவளை போன்ற பொந்துகளில் மெழுகறை கட்டி, ஒரு ராணியின் கீழ் கூட்டமாக வாழும். கருவண்டோ காய்ந்த மரத்திலோ மூங்கிலிலோ சுரங்கம் குடைந்து, மரத்தூளால் அறை தடுத்து, அறைக்கொரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைக்கும். ராணியும் இல்லை, வேலைக்காரப் படையும் இல்லை. தச்சுத் தேனீ என்று இதை அழைப்பது பொருத்தமே.

நிறத்தை நம்புவதுதான் பெரிய ஆபத்து. மஞ்சள் முதுகுத் தச்சுத் தேனீயில் பெண்ணுக்கு மட்டுமே அந்தக் கறுப்பு உடல். ஆண் முழுக்க மஞ்சள் மயிர் போர்த்தியிருக்கும். நிறத்தை வைத்துப் பிரித்தால் ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதிவிடுவோம். அசல் பம்பிள்பீக்களிலும் இதே குழப்பம்தான். ஒரே பள்ளத்தாக்கில் வெவ்வேறு இனங்கள் ஒரே நிறத்தில் திரியும். ஒரே இனம் மலைக்கு மலை நிறம் மாறும். அதனால்தான் வகைப்பாட்டாளர்கள் ஆண் தேனீயின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும், அண்மைக் காலத்தில் டி.என்.ஏ.வையும் சான்றாகக் கேட்கிறார்கள்.

“இரண்டும் ஒரே குடும்பம்தானே? இதில் என்ன பெரிய வேறுபாடு?”

ஒரே குடும்பம் என்பது உண்மை. 1758-இல் லின்னேயஸ் இவற்றையெல்லாம் தேனீயோடு சேர்த்து ‘ஏப்பிஸ்’ என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். ஆனால் 1802-லேயே லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் பம்பிள்பீக்களை ‘பாம்பஸ்’ என்றும் தச்சுத் தேனீக்களை ‘சைலோகோப்பா’ என்றும் பிரித்துவிட்டார். இரண்டு பேரினங்களும் ஒரே ஆண்டில் நிறுவப்பட்டவை. 1897-இல் வெளிவந்த பிங்ஹாமின் இந்தியப் பூச்சி நூலிலும் இவை தனித்தனியே வருகின்றன.

உறவுமுறை இன்னும் வியப்பானது. மகரந்தக் கூடை உள்ள தேனீக்கள் ஒரு தனிக் கிளை. அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும் கொசுத்தேனீயும் பம்பிள்பீயும் அதில் சேரும். சுவர்ப் பொந்தில் கூடு கட்டும் கடுகளவு கொசுத்தேனீதான் பம்பிள்பீக்கு நெருங்கிய சொந்தம். உருவத்தில் ஒத்த கருவண்டு தூரத்துச் சொந்தம்.

தச்சுத் தேனீ ஒன்றின் அறிவியல் பெயரில் தமிழ் ஊரே இருக்கிறது. 1804-இல் ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட ‘சைலோகோப்பா டிராங்குபாரிகா’, டேனிஷ்காரர்கள் இருந்த தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கியது. இது இரவில் பறப்பது. வெறும் நட்சத்திர ஒளியிலேயே நிறங்களைப் பிரித்தறியும் என்று ஹேமா சோமநாதனும் உடனாய்வாளர்களும் 2008-இல் காட்டினார்கள். இத்தனை தனிச்சிறப்புள்ள கூட்டத்துக்கு இரவல் பெயர் எதற்கு?

“சமவெளியில் இல்லாவிட்டாலும் ஊட்டிக் குளிரில் இருக்குமே?”

கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம் இது. உலகில் 250-க்கும் மேற்பட்ட பம்பிள்பீ இனங்கள் உண்டு. இந்தியாவில் ஏறத்தாழ 48. அவற்றின் வீடு இமயமும் வடகிழக்கு மலைகளும். காஷ்மீர் இமயத்தில் மட்டும் 29 இனங்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பால் வில்லியம்ஸ் 1991-இல் விவரித்தார். தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் இவை இயல்பாக வாழ்வதில்லை.

குளிர் மட்டும் போதாது, வந்துசேர வழியும் வேண்டும். வெப்பமண்டலத்தில் இருக்கும் ஜாவா, சுமத்ரா மலைகளில் பம்பிள்பீ உண்டு. ஆசிய மலைத்தொடர் வழியே அவை அங்கே இறங்கின. நீலகிரிக்கும் இமயத்துக்கும் நடுவில் கங்கைச் சமவெளியும் தக்காணமும் வெந்து கிடக்கின்றன. தொட்டபெட்டா பக்கத்தில் பூக்கும் காட்டுப்பூவரசு, இமயத்து ரோடோடென்ட்ரானின் இனமே. செடி இருக்கிறது என்பதால் அதை அங்கே மொய்க்கும் பூச்சியும் இங்கே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

தோற்றத்தை வைத்துச் சொந்தம் பேசுவதில் வரையாடே நமக்குப் பாடம். நீண்டகாலம் அதை இமய வரையாட்டின் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணு ஆய்வு அது செம்மறிக் கூட்டத்துக்கு நெருக்கம் என்று காட்டியது. அதற்கென்று தனிப் பேரினம் வந்தது.

“இங்கே இல்லையென்றால் இறக்குமதி செய்தால் தக்காளி விளைச்சல் கூடுமே?”

தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தப் பை உப்புப்புட்டி போலத்தான்: குலுக்கினால் கொட்டும். பூவைக் கவ்வி, பறக்கும் தசையை அதிரவைத்துப் பம்பிள்பீ அதைச் செய்யும். பெட்டித் தேனீக்கு அது வராது. 1987-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய பம்பிள்பீ வளர்ப்பு, ஐரோப்பியக் கண்ணாடிக்குடில் தக்காளியையே மாற்றியது. இதுவரை உண்மை.

ஆனால் கிணத்துக்கடவிலோ உடுமலையிலோ தக்காளி விளைவது திறந்த காட்டில். தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். காற்றின் அசைவே பெரும்பாலும் போதும். மேலும் அதிர்த்து மகரந்தம் எடுக்கும் வித்தையை நம் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் அறியும். ஆவாரம்பூவிலும் கத்தரிப்பூவிலும் காலையில் நின்று கேட்டால் அந்த அதிர்வொலி கேட்கும்.

இறக்குமதியின் விலையை வேறு நாடுகள் கொடுத்துப் பார்த்துவிட்டன. 1990-களின் இறுதியில் சிலி ஐரோப்பியப் பம்பிள்பீயை வரவழைத்தது. அது ஆண்டிஸைத் தாண்டி 2006-இல் அர்ஜென்டினாவை எட்டியது. அது பரவிய இடங்களிலெல்லாம் அந்த மண்ணின் பெரிய செம்மஞ்சள் பம்பிள்பீ சரிந்தது. ஜப்பான் அதே ஐரோப்பிய இனத்தை 2006-இல் ஊடுருவும் அந்நிய உயிராக அறிவித்தது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் குடில் விவசாயிகள் கேட்டும் அரசு அனுமதி தரவில்லை. இமாசலத்தின் சோலன் அருகே நௌனி பல்கலைக்கழகத்தில் பம்பிள்பீ வளர்ப்பு ஆய்வு நடந்திருக்கிறது. அங்கே வளர்த்தது அந்த மலையின் சொந்த இனத்தை. அது சரியான வழி. அதைக் கோவைக்கு எடுத்துவருவது அல்ல.

“எதுவாக இருந்தாலும் மரத்தைத் தின்கிறது, கொட்டினால் உயிர் போகும்.”

மரத்தை அது தின்பதில்லை, துளைத்துத் தூளைத் தள்ளுகிறது. பழைய உத்திரத்தில் ஆண்டுக்கணக்கில் துளைத்தால் சேதம் உண்டு, மறுக்கவில்லை. வண்ணம் பூசிய மரத்தை அது பெரும்பாலும் விட்டுவிடும். விலக்க அது போதும். ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. செய்தித்தாளில் வரும் கதம்ப வண்டு குளவிக் கூட்டத்தைச் சேர்ந்தது. கூட்டமாகத் தாக்குவது அது. அதன் பழியைக் கருவண்டின் மேல் சுமத்தக் கூடாது.

அரவக்குறிச்சி, மூலனூர் முருங்கைக் காடுகளில் பூவைத் தேடி வருவனவற்றுள் தச்சுத் தேனீயும் ஒன்று. முருங்கையில் மகரந்தச் சேர்க்கைக்கு அது உதவுவது ஆய்வுகளில் பதிவானது. எருக்கம்பூவின் பிசினொட்டிய மகரந்தப் பொதியை இழுத்துச் செல்ல அதன் பலம் வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியது சிறிது: வேலியோரம் பட்டுப்போன கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் விடுவது, பந்தல் மூங்கில் மாற்றும்போது பழையதை ஓரமாய்ச் சாய்த்து வைப்பது, பூக்கும் பருவத்தில் காலையில் மருந்தடிக்காமல் இருப்பது. பம்பிள்பீயைக் காப்பது என்று கிளம்பினால் இந்த மூன்றில் ஒன்றும் நினைவுக்கு வராது. எலிவளையும் மெழுகறையும்தான் வரும். யாரைக் காக்கிறோம் என்பது சரியாகத் தெரிந்தால்தான் எதைச் செய்வது என்பதும் தெரியும். பள்ளிக்கூடப் படத்தில் பெயரைத் திருத்துவதே அதற்கு முதல் வேலை.