நீங்கள் கேட்டவை: வளைந்துபோன பலகையை நிமிர்த்த முடியுமா?

கேள்வி: ‘‘தோட்டத்தில் சாய்ந்த வேப்பமரத்தை மில்லில் அறுத்து, ஒரே மாதத்தில் காய் நறுக்கும் பலகைகள் செய்து விற்றோம். 30 பலகைகளில் 11 வளைந்துவிட்டதாகத் திரும்பி வந்துவிட்டன. பாதி மரம் இன்னும் கையில் இருக்கிறது. என்ன செய்வது?’’
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: தவறு ஆசாரியின் வேலையில் இல்லை, மரம் காயவில்லை. ஈரம் வற்றும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில்தான் சுருங்கும். அதிலும் வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை குழிகிறது.

திரும்பி வந்தவற்றை உடனே இழைக்க வேண்டாம். இழைத்தாலும் மறுபடி வளையும். நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே ரீப்பர் கட்டை வைத்து அடுக்கி, மேலே கனமான கல்லை ஏற்றுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை ஒரே பலகையை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை எடை குறையாமல் இருந்தால் காய்ந்துவிட்டது. பிறகு இரு பக்கமும் சம அளவில் இழைக்கலாம். முறுக்கிக்கொண்ட பலகையை மட்டும் சிறு துண்டுகளாக்கி வேறு பொருள் செய்யுங்கள்.

மீதி மரத்தை ஒன்றேகால் அங்குல கனத்தில் அறுத்து, வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசி, இதேபோல் அடுக்குங்கள். முனைகள் சீக்கிரம் காய்ந்து வெடிப்பதை இது தடுக்கும். காய்வதற்குச் சில மாதங்கள் ஆகும். காலண்டரை நம்பாமல் தராசை நம்புங்கள். மரத்தின் நடு மையம் உள்ள துண்டை ஒதுக்கிவிடுங்கள், அது வெடிக்கும். முனையில் பார்த்தால் வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பலகைகளே அதிகம் வளையாதவை. வில்போல் வளைந்த கோடுகள் உள்ளதைக் குறுகலான பலகையாக்குங்கள்.

முடித்த பலகைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் எண்ணெயை இரு பக்கமும், முனைகளிலும் தடவி, மிச்சத்தைத் துடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால், தடவாத பக்கம் அதிக ஈரம் குடித்து வளையும்.

வாங்குபவர்களிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள்: ஊறவைக்கக் கூடாது, இரு பக்கமும் கழுவித் துடைத்து, விளிம்பில் நிறுத்திக் காயவைக்க வேண்டும், வெயில் ஆகாது. நன்கு காய்ந்த மரத்தில் செய்த பலகை, பிற்பாடு ஒரு பக்க ஈரத்தால் வளைந்தால், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஈரத்துணி மேல் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் நிமிரும். நிமிர்ந்ததும் இரு பக்கமும் காற்றுப்படும்படி நிறுத்திக் காயவிட்டால் போதும்.