நான்கு சுவர்களும் பதினேழாம் உறுப்பும்

2025 சனவரி 31 அன்று, திருச்சி மாவட்டம் லால்குடியிலிருந்து வந்த ஒரு வன்கொடுமை வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டா தொடர்பான மனுவின் நிலையைக் கேட்டு வந்தவர், வருவாய் ஆய்வாளர் ஒருவரைச் சாதிப்பெயர் சொல்லி ஏசினார் என்பது புகார். அவர் ஏசினாரா இல்லையா என்பதன் மீது தீர்ப்பு நிற்கவில்லை. சம்பவம் அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது, சக ஊழியர்கள் அதன் பிறகே அங்கு வந்தனர், எனவே அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழவில்லை என்பதே முடிவு.

‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்திலும்’ என்ற இச்சொற்றொடர் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே இருந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய இரு பிரிவுகளில் உள்ளது. முன்னது, இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதையும் மிரட்டுவதையும் பற்றியது. பின்னது, சாதிப்பெயர் சொல்லி ஏசுவதைப் பற்றியது. சாதி இழிவு குறித்த புகார்களில் நாம் அடிக்கடி காணும் பிரிவுகள் இவை. வழக்குகள் அடிக்கடி இடறி விழும் இடமும் இதுவே.

பொது இடம் வேறு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு. 2008இல் டெல்லியிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒரு வீட்டின் வாயில் தனியாருக்குச் சொந்தமானது. ஆயினும் தெருவில் செல்பவர் கண்ணில் படுவதால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்டது. கட்டடத்திற்குள்ளேயே நடந்தாலும், உறவினரும் நண்பரும் அல்லாத பிறர் அங்கே இருந்தால் குற்றம் குற்றமே. ஆக, இடம் யாருடையது என்பதல்ல, யார் கண்டார் அல்லது காணக்கூடியவராக இருந்தார் என்பதே கேள்வி. 2020இல் உத்தரகாண்ட் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதே அளவுகோலைக் கொண்டு, வீட்டிற்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஏச்சு இப்பிரிவில் அடங்காது என்றது. லால்குடித் தீர்ப்பு அதன் தொடர்ச்சி. மனுவோடு எவரும் நுழையக்கூடிய அரசு அலுவலகம், கதவு சாத்திய கணத்தில் தனியறையாகிவிடுகிறது!

சட்டத்தின் எழுத்துப்படி இத்தீர்ப்புகளைப் பிழை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. நம் கேள்வி அந்த எழுத்தைப் பற்றியது. அரசமைப்பின் பதினேழாம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, ‘எந்த வடிவிலும்’ அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. அங்கே பார்வையும் இல்லை, சுவரும் இல்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை இவ்வுறுப்பை ஏற்றபோது, தீண்டாமை என்ற சொல்லுக்கு வரையறை இல்லையே என்று கே.டி. ஷா சுட்டினார். வரையறை சேர்க்கப்படவில்லை. அந்த வெற்றிடம் நமக்கு நன்மையே செய்தது என்பது நம் கருத்து. வரையறுத்திருந்தால் அன்று கண்ணுக்குப் பட்ட வடிவங்களோடு சட்டம் நின்றிருக்கும். அரசமைப்பு திறந்து வைத்ததைத் தண்டனைச் சட்டம் ஒரு சொற்றொடரால் குறுக்கியிருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் இழிவுபடுத்தப்படுவது சமையலறையில். ஆய்வு மாணவர் கேட்கும் சொல் நெறியாளரின் அறையில் சொல்லப்படுகிறது. தூய்மைப் பணியாளரை ஏசும் மேலாளர் சாட்சி வைத்துக்கொண்டு ஏசுவதில்லை. சாட்சியற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எப்போதும் இழிவுபடுத்துபவர் கையில்தான் இருக்கிறது.

பொதுவெளியில் நிகழும் அவமதிப்பு ஒரு சமூகத்தையே தலைகுனியச் செய்வது, அதனால்தான் அது தனிக் குற்றமாயிற்று என்று வாதிடலாம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் யாரும் பாராத இழிவு இழிவாகாது என்ற முடிவு அதிலிருந்து பிறக்காது.

சொற்றொடரைத் திருத்தக் கோருவது நீண்ட போராட்டம். அதுவரை, புகார் எழுத உதவும் தோழர்கள் சட்டத்தின் மற்றப் பிரிவுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 3(2)(வி.ஏ) பிரிவு, காயம் விளைவித்தல், குற்றமுறு மிரட்டல் போன்ற குற்றங்களை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என அறிந்தே செய்தால் வன்கொடுமையாகக் கொள்கிறது. இதற்குப் பொதுப் பார்வை தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாக அறிந்தவராயின், சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8(சி) பிரிவு. மறுத்து மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. மூடிய அறையில் அடியும் மிரட்டலும் நிகழ்ந்திருக்க, ஏச்சை மட்டும் எழுதி 3(1)(எஸ்) பிரிவோடு நிறுத்திவிடும் முதல் தகவல் அறிக்கை, ரத்து மனுவிற்குத் தானே வழி திறந்து வைக்கிறது.

ஏச்சு மட்டுமே நிகழ்ந்திருந்தால், கதவு திறந்திருந்ததா, வராந்தாவில் காத்திருந்தவர் எவர், அவர்கள் ஏச்சுக்கு முன் வந்தவர்களா பின் வந்தவர்களா என்பவை முதல் வாக்குமூலத்திலேயே, நடந்தது நடந்தபடி இடம்பெற வேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதியபின் அதைப் படித்துக் காட்டியே கையெழுத்துப் பெற வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்று நான்காம் பிரிவு காவல்துறைக்குக் கடமை விதிக்கிறது. அக்கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அலுவலர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், அவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. படித்துக் காட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான் ‘பின்னர் வந்தனர்’ என்ற சொல் உண்மைக்கு மாறாக நுழைந்திருந்தால் அதைக் கண்டு திருத்தச் சொல்ல முடியும்.