நிலவைப் பார்த்து விதைக்கலாமா?

ஐப்பசி என்றால் நம் ஊரில் அடைமழை. தில்லியிலோ அதற்கு நேர்மாறு. மழை ஓய்ந்து, சேறு உலர்ந்து, வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருக்கும் காலம் இது. வடநாட்டார் இதைச் சரத் காலம் என்பர். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்றனர். பல்கலைக் கழகத் தோட்டக்காரர் முதல் பஞ்சாப் உழவர் வரை எல்லாரும் விதைப் பையைத் தேடும் பருவமும் இதுவே. பாலக், வெந்தயக் கீரை, முள்ளங்கி, காரட், பட்டாணி ஆகியவற்றைத் தோட்டத்திலும், கடுகு, கடலை, கோதுமை ஆகியவற்றை வயலிலும் விதைப்பர். கூடவே ஒரு பழைய கேள்வியும் ஆண்டுதோறும் முளைக்கிறது: வளர்பிறையில் விதைப்பதா, தேய்பிறையில் விதைப்பதா?

இது பாட்டிமார் கேள்வி என்று தள்ளிவிட வேண்டா. இன்று அலைபேசியில் விரலை வைத்தால், “இன்று கிழங்கு நாள், நாளை இலை நாள்” என்று சொல்லும் செயலிகள் வந்து நிற்கின்றன. மாடித் தோட்டம் போடுகிறவர்களும் இயற்கை வேளாண்மையில் பற்றுள்ளவர்களும் அவற்றை நம்புகின்றனர். நம் மாணவரிடையே இதில் இரு கட்சி உண்டு. ஒரு கட்சி, நிலவென்ற பேச்சை எடுத்தாலே நகைக்கும். மற்றொன்று, நம் முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானமே என்று மார் தட்டும். இரு கட்சியோடும் எனக்கு வழக்கு உண்டு. இரண்டும் ஆராயாமலே தீர்ப்புச் சொல்கின்றன.

முதலில், நம்பிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மண்ணுக்கு மேலே காய்ப்பதை வளர்பிறையில் விதை. மண்ணுக்குள் பருப்பதைத் தேய்பிறையில் விதை. இதுவே பொது விதி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியோ இன்னொரு விதியும் வைத்திருக்கிறது. தாளின் ஓரத்தில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபத்தேழு நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, அன்றைக்கு நிலவு எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப நாளுக்குப் பெயர் சூட்டுகின்றனர். ரோகிணி, பூசம், திருவோணம் முதலியன மேல்நோக்கு. பரணி, மகம், மூலம் முதலியன கீழ்நோக்கு. மேல்நோக்கு நாளில் மேலே வளர்வதை நடலாம். கீழ்நோக்கு நாளில் கிணறு வெட்டலாம், கிழங்கு ஊன்றலாம்.

இது நமக்கு மட்டும் உரிய சொத்து என்று நினைத்துவிட வேண்டா. வெசுவியஸ் எரிமலை கக்கிய 79-ஆம் ஆண்டில் உயிர் நீத்த உரோமப் பேரறிஞர் பிளினி, பயிர்த் தொழிலுக்குப் பிறை பார்க்கும் முறையைத் தம் நூலில் விரித்திருக்கிறார். 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் வேளாண்மை குறித்து ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து ஐரோப்பாவில் ஒரு தனி உழவு நெறியே கிளைத்தது. அந்த நெறியில் வந்த ஜெர்மானிய மாது மரியா தூன், பன்னிரண்டு இராசிகளையும் வேர், இலை, பூ, கனி என்று நான்காகப் பங்கிட்டு விதைப்பு நாட்காட்டி வெளியிட்டார். இன்றைய செயலிகளிற் பல அந்த நாட்காட்டியின் பேரப் பிள்ளைகளே. தமிழன் மூன்றாகப் பிரித்தான், ஜெர்மானியர் நான்காகப் பிரித்தனர். நிலவு ஒன்றுதான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. திருக்கார்த்திகை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவு நிறைந்து வரும் நாள், வளர்பிறையின் உச்சம். பிறை விதிப்படி அவரையும் தக்காளியும் விதைக்க அதைவிட நல்ல நாள் ஏது? ஆனால் அன்றைய நட்சத்திரம் கார்த்திகை; நாட்காட்டியின்படி அது கீழ்நோக்கு நாள்! ஒரே நிலவு, ஒரே இரவு, ஒரே வீட்டு நாட்காட்டி, இரண்டு கட்டளைகள். அவரை விதைப்பதா, கருணைக்கிழங்கு ஊன்றுவதா? வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் மரம் நடுவதற்குத் தக்க நட்சத்திரங்களின் வரிசை இருக்கிறது. அதில் மூலமும் விசாகமும் இடம்பெறுகின்றன. நம் நாட்காட்டியில் அவ்விரண்டும் கீழ்நோக்கு. வேர் கீழே இறங்க வேண்டுமே என்று யாரேனும் சமாதானம் சொல்லக்கூடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிற விதி, எதையும் சொல்லாத விதி.

“கடலையே இழுக்கிற நிலவு செடியின் சாற்றை இழுக்காதா?” என்று கேட்பார்கள். கேள்வி அழகானது, ஆகவே கொஞ்சம் நின்று விடை தேடுவோம். கடல் பொங்குவது, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் நிலவின் இழுப்பில் உள்ள வேறுபாட்டால். அந்த வேறுபாடு பூமியின் சொந்த ஈர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான மைல் பரந்த கடலில் அது தெரிகிறது. குவளைத் தண்ணீரில் தெரிவதில்லை. ஒரு முழ உயரத் தக்காளிச் செடியில் தெரியுமா? அதுவும் போகட்டும். கடலோரத்து நண்பர்களைக் கேளுங்கள்: அலை உயர்ந்து எழுவது பௌர்ணமிக்கு மட்டுமா? அமாவாசைக்கும் அப்படித்தானே! இழுப்புத்தான் காரணம் என்றால் அமாவாசையும் பௌர்ணமியும் பயிருக்கு உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும். நம் விதியோ அவற்றை எதிரிகளாக வைத்திருக்கிறது. கடலைச் சாட்சிக்கு அழைத்தவரின் வழக்கைக் கடலே தோற்கடிக்கிறது.

ஒளியின் வழக்கு இதைவிடச் சற்று நயமானது. நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். முழுநிலவு நடுவானில் நின்றாலும் 0.3 லக்ஸ் தேறுவது கடினம். இந்த ஒளியைக் கொண்டு இலை உணவு சமைக்க முடியாது. ஆனால் ஒளி உணவாக மட்டும் இருப்பதில்லை, செய்தியாகவும் இருக்கிறது. கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்கர், பகல் இரவின் நீளத்தை அளந்து செடிகள் பூக்கின்றன என்று 1920-இல் காட்டினர். நம் வளாகத்துச் சாமந்தியே இதற்குச் சான்று. இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். தெருவிளக்கின் அடியில் வைத்துவிட்டால் பூக்கத் தாமதிக்கும். அவ்வளவு நுட்பமாக இருளை அளக்கும் செடிக்கு நிலவொளி இடையூறு ஆகாதா? இதைக் கேட்டவர் ஜெர்மானிய அறிஞர் எர்வின் பியூனிங். அவரை இனச் செடிகள் இரவில் இலையை மடித்துத் தொங்கவிடுகின்றனவே, அது நிலவொளி தம் கணக்கைக் குழப்பாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடாக இருக்கலாம் என்று 1969-இல் அவர் எழுதினார். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. நிலவை நோக்கிச் செடி கை நீட்டுகிறது என்று நாம் கற்பனை செய்கிறோம். செடியோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது!

நிலவைக் கண்டு நடக்கும் தாவரம் ஒன்றுகூட இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. மத்தியதரைக் கடற்கரையில் வளரும் எபிட்ரா என்னும் புதர், ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டி மகரந்தத்தைப் பிடிக்கும் துளிகளைச் சுரக்கிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 2015-இல் அறிவித்தனர். இரவுப் பூச்சிகளை அழைக்க அது உதவக்கூடும். இது ஒரு புதரின் கதை. இதை வைத்து முள்ளங்கிக்குச் சட்டம் இயற்ற முடியாது. பயிர்த் தொழிலில் நிலவின் செல்வாக்கு என்று சொல்லப்படுவதையெல்லாம் இயற்பியலையும் உயிரியலையும் கொண்டு ஆராய்ந்த ஸ்பானிய அறிஞர் குழு ஒன்று, உழவில் பிறை பார்ப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2020-இல் எழுதிற்று.

“சரி, ஆதாரம் இல்லை, ஆனால் தீங்கும் இல்லையே! பார்த்து விதைத்தால் என்ன குறைந்துவிடும்?” என்று சமரசம் பேசுகிறவர்கள் உண்டு. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு ஒன்றும் குறையாது. உழவனுக்குக் குறையும். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்தப் பருவத்தின் தன்மையைக் கவனியுங்கள். அக்டோபர் தொடக்கத்துக்கும் நவம்பர் முடிவுக்கும் இடையே தில்லி இரவின் வெப்பம் 10 பாகைக்கு மேல் இறங்கிவிடுகிறது. கோதுமைக்கு வேண்டிய குளிர் வருவதும், பிறகு அது மிஞ்சிப் போவதும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். பஞ்சாபிலும் அரியானாவிலும் நவம்பரின் முதல் இருபது நாட்களே கோதுமைக்குப் பொன்னான காலம். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விளைச்சல் குறைகிறது. மார்ச்சு மாத வெயில் மணி முற்றுமுன் பயிரைப் பிடித்துக்கொள்கிறது. 2022 மார்ச்சில் அடித்த அனலில் கோதுமை சுருங்கிப் போய், அவ்வாண்டு மே மாதத்தில் அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது நினைவிருக்கும்.

இப்போது பிறையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். தீபாவளி அமாவாசை 2023-இல் நவம்பர் 13. 2024-இல் நவம்பர் 1. 2025-இல் அக்டோபர் 21. நிலவின் ஆண்டு சூரியனின் ஆண்டைவிடப் பதினோரு நாள் குட்டை. அதனால் இந்த நழுவல். 2024-இல் நவம்பர் 1 முதல் 15 வரை வளர்பிறை. பிறை பார்த்து விதைத்தவருக்கு அவ்வாண்டு அமோகமாக இருந்திருக்கும். புகழ் நிலவுக்குப் போயிருக்கும். 2025-இலோ நவம்பர் 5-ஆம் நாள் பௌர்ணமி, 20-ஆம் நாள் அமாவாசை. பொன்னான காலத்தின் பெரும்பகுதி தேய்பிறையில் விழுந்தது. வளர்பிறைக்காகக் காத்திருந்தவர் 20-ஆம் தேதிக்குப் பின்னரே விதைக் கூடையைத் தொட்டிருக்க முடியும். நிலவு அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, குளிர் செய்துவிட்டது.

இந்த அவசரம் எவ்வளவு கொடியது என்பதை நாம் மூக்கால் அறிவோம். நெல் அறுத்த தாளை வயலிலேயே கொளுத்துகிறார்களே, எதற்காக? நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையே கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் நிலத்தை ஒழித்தாக வேண்டும். நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாப் 2009-இல் நடவைத் தள்ளிவைத்துச் சட்டம் செய்த பின் அந்த இடைவெளி இன்னும் சுருங்கிற்று. அக்டோபர் இறுதியில் நம் விடுதிச் சன்னல்களில் படியும் புகையில் அந்தச் சில நாட்களின் விலையும் கலந்திருக்கிறது. அத்தகைய உழவரிடம் போய், “ஐயா, பிறை பார்த்தீர்களா?” என்று கேட்க எந்தப் பட்டதாரிக்கு வாய் வரும்?

நம் பெரியவர்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டா. உண்மையில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்றார்கள். ஆடிப் பௌர்ணமி தேடி விதை என்று சொல்லவில்லை. பட்டம் என்பது சூரியக் கணக்கு. தமிழ் மாதங்களே சூரியனைக் கொண்டு நடப்பவை. ஆடியும் புரட்டாசியும் ஆண்டுதோறும் அதே நாட்களில் வந்து நிற்கும். மழையும் வெயிலும் சூரியன் பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியும். கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரி விதைக்கிறவர் மேகத்தைப் பார்ப்பார். பட்டத்துக்குள் மழை வந்துவிட்டால் பிறையை மறப்பார். நிலவு அவர்களுக்கு வேறு விதத்தில் பயன்பட்டது. அச்சடித்த நாட்காட்டி இல்லாத நாளில், எழுதப் படிக்கத் தெரியாதவனும் அண்ணாந்து பார்த்துப் படிக்கக்கூடிய ஒரே நாட்காட்டி அதுதான். “அமாவாசைக்கு விதைத்தேன், அடுத்த பௌர்ணமிக்குக் களை எடுத்தேன்” என்று கணக்கு வைக்கலாம். வளர்பிறை மாலையில் விளக்கில்லாமல் நீர் பாய்ச்சலாம். கடிகாரமாகவும் கைவிளக்காகவும் இருந்த நிலவை, பயிரை வளர்க்கும் தெய்வமாக உயர்த்தியவர்கள் பின்னால் வந்தவர்கள் என்பது என் துணிபு. நகைக்கிறவர்கள் அந்தக் கடிகாரத்தை அறியவில்லை. மார் தட்டுகிறவர்கள் பட்டத்தை மறந்துவிட்டார்கள்.

“எங்கள் வீட்டில் பிறை பார்த்துத்தான் விதைப்போம், நன்றாகத்தானே வருகிறது?” என்று கேட்கும் நண்பருக்கு ஒரு சொல். அக்டோபர் வளர்பிறையில் ஒரு பாத்தியும், பதினைந்து நாள் கழித்துத் தேய்பிறையில் ஒரு பாத்தியும் விதைத்தால் இரண்டும் ஒன்றாக வளராதுதான். அந்தப் பதினைந்து நாளில் மாறியது நிலவு மட்டுமா? குளிர் மாறிற்று, பகல் சுருங்கிற்று, மண்ணின் ஈரம் வற்றிற்று. கூதிர் காலத்தில் நிலவைச் சோதிப்பது அதனால்தான் கடினம். ஓர் ஆண்டுச் சோதனை எதையும் காட்டாது. நிலவு நழுவி நழுவி ஒரே தேதியில் ஓராண்டு நிறைந்தும் மறு ஆண்டு மறைந்தும் வர வேண்டும்; அப்போதுதான் குளிரையும் பிறையையும் பிரித்துப் பார்க்க முடியும்.

அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். மாணவர் மாறிக்கொண்டே இருக்கும் வளாகத்தில் இது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். தனி மனிதனால் நடக்காது, சங்கத்தால் நடக்கும். விடுதிக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி நிலம் கிடைத்தால் போதும். செலவு சில பொட்டலம் முள்ளங்கி விதையும் ஒரு நோட்டுப் புத்தகமும். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி நவம்பர் கடைசி வரை வாரம் ஒரு வரிசை, வரிசைக்கு ஐம்பது விதை, ஒரே பொட்டலத்திலிருந்து. முளைத்தது எத்தனை, நாற்பதாம் நாள் பிடுங்கினால் எடை என்ன என்று எழுதிவைப்பது. எடை போடுகிறவருக்கு எந்த வரிசை எந்தப் பிறையில் விதைத்தது என்று தெரியக் கூடாது. இது மிக முக்கியம். நோட்டை அடுத்த ஆண்டுச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பிறை நம்புகிறவர் ஒருவரும் நம்பாதவர் ஒருவரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது. முள்ளங்கிச் சாம்பாரைப் பங்கு போடுவதில் தகராறு வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.