மண் சுவர், மரத்தடி, லட்சங்களில் ஃபீஸ்: 'இயற்கைப் பள்ளி'யில் சேர்க்கும் முன் என்ன பார்க்கணும்?

அந்த ரீல் உங்களுக்கும் வந்திருக்கும். மண் சுவர் வகுப்பறை, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள், கை நிறைய களிமண். கீழே 'பரீட்சை கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது' என்று ஒரு வரி. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் 'நேரில் வாங்க, பேசலாம்'. எல்.கே.ஜி. சீட் தேடும் நேரத்தில் இதைப் பார்த்தால் மனசு அலைபாயத்தான் செய்யும்.

இது புது ஐடியாவா?

இல்லை. 1901-ல் சாந்திநிகேதனில் தாகூர் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில்தான் நடந்தன. ஆந்திராவின் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தன் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்கியது ரிஷி வேலி. வறண்ட ராயலசீமைப் பள்ளத்தாக்கில் மரம் நட்டு நட்டு உருவான வளாகம் அது. சூரியன் மறையும்போது பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் ஐ.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். சின்ன வகுப்பில் மார்க் தொல்லை இல்லை என்பது வேறு, கடைசி வரை தேர்வே இல்லை என்பது வேறு. ரீலில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

அங்கீகாரம் இருக்கா?

முதல் கேள்வி இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். அதனால் சில இடங்கள் 'கற்றல் மையம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை என்.ஐ.ஓ.எஸ். தேர்வு எழுத வைக்கின்றன. அது மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம், சான்றிதழ் செல்லும். சிக்கல் நடுவில்தான். எட்டாம் வகுப்பு வரை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கு பெங்களூருவுக்கோ புனேவுக்கோ டிரான்ஸ்ஃபர் வந்தால், புதுப் பள்ளி கேட்பது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் டி.சி.

பக்கத்து பெஞ்சில் யார்?

இதை யாரும் கேட்பதில்லை. சிறுபான்மை நிறுவனங்கள் தவிர்த்த தனியார் பள்ளிகள், தொடக்க நிலை வகுப்பில் 25% இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். 'மையம்' என்று பெயர் மாறினால் இந்தப் பொறுப்பும் நழுவிவிடுகிறது. கிராமத்து நிலத்தில் நெல் நடக் கற்றுத்தரும் பள்ளியில், அந்தக் கிராமத்து விவசாயியின் மகளுக்கு இடம் இல்லை என்றால் பிள்ளைகள் படிப்பது எந்த இயற்கையை?

பணம் இருந்தால்தான் இந்த மாதிரிக் கல்வி என்பதும் உண்மையில்லை. ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் சிறு பள்ளிகளுக்காக ஒரு முறை உருவானது. பாடம் ஏணிப்படி போல அடுக்கிய அட்டைகளாக இருக்கும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். அதைத் தழுவித்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-08-ல் தமிழகம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, சுவரின் அடியில் உங்கள் உயரத்துக்கு இருந்த கரும்பலகையில் எழுதியது ஞாபகம் இருக்கா? உங்களில் சிலர் ஃபீஸ் கட்டாமலேயே இதைப் படித்துவிட்டீர்கள். ஆசிரியர்களுக்குச் சுமை என்ற குறையும் அப்போது இருந்தது, அது நியாயமும்கூட. அட்டையையும் மரத்தையும் எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம், முப்பது பிள்ளைகளின் முப்பது வேகத்தைக் கவனிக்கும் டீச்சர் கிடைப்பதுதான் கஷ்டம்.

அதனால் பள்ளியைப் பார்க்க சனிக்கிழமை ஓபன் ஹவுஸுக்குப் போகாதீங்க. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு லீவ் போட்டு, காலை பத்து மணிக்குப் போய், மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடப்பதைக் காட்டச் சொல்லுங்க.