கண்ணுக்குத் தெரியாத மேஜோடு

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மாலை ஐந்து மணி அடித்ததும் பழுப்பு நிற மேஜோட்டை மாட்டி, பூட்ஸின் கயிற்றை இறுக முடிந்து, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போய் வருவார். மழை பெய்தாலும் சரி, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் சரி, இந்த நியமத்துக்குப் பங்கம் வந்ததில்லை. (இப்போது எல்லோரும் "ஸாக்ஸ்" என்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது மேஜோடுதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.) நீரிழிவு அவருக்கு இருபது வருஷத்துச் சிநேகிதம். "அது பாட்டுக்கு அது இருக்கிறது, நான் பாட்டுக்கு நான் நடக்கிறேன்" என்பார்.

ஒருநாள் பெரியம்மா துணி துவைக்கையில் வாளித் தண்ணீர் சிவந்திருக்கக் கண்டாள். வாளியில் ஊறியிருந்தது மேஜோடு ஒன்றுதான். அதைப் பிழிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் ஒன்றும் புலப்படவில்லை. பெரியப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான், வலது பாதத்தில் இரண்டாவது விரலுக்கு அடியில் குழி விழுந்திருப்பது தெரிந்தது. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு புளியங்கொட்டை விழுந்து உருண்டது.

அந்தக் கொட்டை அங்கே எத்தனை நாள் குடியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. "வலித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதில் குற்றமில்லை. வலிக்கவில்லை. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து, கடைசியில் அந்த விரலைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அப்போது பெரியம்மா என்னைக் கேட்டாள்: "ஏண்டா, இந்த மாதிரிக் காலுக்கென்றே மெத்தை வைத்த மேஜோடு விற்கிறதாமே? அதைப் போட்டிருந்தால் இந்த விரல் தப்பியிருக்குமோ?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. எனக்கோ ஒன்றும் தெரியாது. ஆகவே படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொள்ள முற்பட்டேன்.

நீரிழிவினால் நரம்புகள் கெடும்போது, உடம்பில் எவை மிக நீளமானவையோ அவையே முதலில் கெடுகின்றன. முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை ஓடும் நரம்புகளே அவை. ஆகையால் மரத்துப்போதல் விரல் நுனியில் தொடங்கிப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறுகிறது. இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு ஏறுகிறது. இதற்கு வைத்தியர்கள் இட்டிருக்கும் பெயர் வேடிக்கையானது. மேஜோட்டு வடிவ மரப்பு என்கிறார்கள். அதாவது, நாம் கடையில் மேஜோடு வாங்குவதற்கு முன்பே நோய் ஒரு மேஜோட்டை மாட்டிவிட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மேஜோட்டைக் கழற்றிப் போட வழியில்லை.

அதற்குள் அகப்பட்ட பாதத்தில் வலி மட்டும் போவதில்லை. வியர்வையை ஏவும் நரம்புகளும் ஓய்வதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் தளர்வதால் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்குகின்றன. அவை மடங்கும்போது, முன்பாதத்தின் அடியில் இயற்கை வைத்திருக்கும் கொழுப்பு மெத்தை முன்னால் நகர்ந்துவிடுகிறது. அப்புறம் எலும்பின் முண்டு ஒருபுறம், தரை மறுபுறம். நடுவில் மெல்லிய தோல். புளியங்கொட்டையே இல்லாவிட்டாலும் அந்தத் தோல் எத்தனை நாள் தாங்கும்?

இந்த விஷயத்தை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்டு. பாதிரித் தம்பதியின் மகனாக 1914-ல் நமது கொல்லிமலையிலே பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் கைகால்கள் நோயின் வேகத்தால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பியிருந்தார்கள். பிராண்டு கூர்ந்து பார்த்தார். தசை நல்ல தசைதான். அறுவை செய்தால் ஆறத்தான் செய்கிறது. காணாமற்போனது வலி ஒன்றே. வலி இல்லாதவன் சுடுசட்டியை விடுவதில்லை, முள் தைத்த காலை ஊன்றாமல் இருப்பதில்லை. அதனாலேயே புண், புண்ணாலேயே சேதம். ஆகவே வேலூரில் அந்தக் கால்களுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் செய்யலானார்கள்.

1966-ல் பிராண்டு அமெரிக்காவில் லூஸியானா மாகாணத்துக் கார்வில் என்னும் ஊரில் அந்நாளில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். நீரிழிவுக்காரரின் கால்களிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதை அங்கே கண்டார். அங்கு நடந்த பரிசோதனை ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. எலிகளின் உள்ளங்காலைச் சிறிதளவே அழுத்தும் யந்திரம் ஒன்றை அமைத்தார்கள். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே இடத்தில், அதே அளவில், தினந்தோறும் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தியபோது சில நாட்களில் அந்த இடம் வீங்கிச் சூடேறிப் பிறகு புண்ணாயிற்று. எண்ணிக்கையைக் குறைத்து, இடையிடையே ஓய்வும் கொடுத்தபோது தோல் தடித்துத் தாங்கிக்கொண்டது. நாமெல்லாம் நெடுந்தூரம் நடக்கையில் நம்மை அறியாமலே காலைச் சற்றுச் சாய்த்து ஊன்றுகிறோம், லேசாக நொண்டுகிறோம். வலி நமக்குச் செய்யும் உபகாரம் அது. பெரியப்பா ஆற்றங்கரை வரை ராணுவ நடை போட்டார்.

அதே காலத்தில் பிராண்டும் எப்னர் என்பவரும் ஒரு விசித்திரமான மேஜோட்டைச் செய்தார்கள். 1969-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அதன் உட்புறத்தில் சாயம் அடைத்த நுண்ணிய குமிழ்கள் இருந்தன. எங்கே அழுத்தம் மிகுந்ததோ அங்கே குமிழ்கள் உடைந்து நிறம் ஏறிவிடும். சற்று நடந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், எந்த இடம் நாளைக்குப் புண்ணாகும் என்பதை நிறமே காட்டிவிடும். பாதம் சொல்லத் தவறியதை மேஜோடு சொல்லிற்று. இந்நாளில் வெப்பத்தை அளக்கும் நுண்கருவிகளை நூலோடு சேர்த்துப் பின்னிய மேஜோடுகள் வந்திருக்கின்றன. புண் வருமுன் அந்த இடம் சூடேறும் என்பதுதான் அவற்றின் சூத்திரம். இரு பாதங்களிலும் ஒரே இடத்துக்குள்ள வெப்பம் சுமார் 2.2 டிகிரி சென்டிகிரேடுக்குமேல் வேறுபட்டால் எச்சரிக்கை என்று கொள்கிறார்கள்.

இனி மெத்தை மேஜோட்டுக்கு வருவோம். அதன் மெத்தையில் பஞ்சும் இல்லை, ரப்பரும் இல்லை. துருக்கித் துவாலையின் மேல் சிறுசிறு நூல் வளையங்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களல்லவா? அதே வளையங்களை மேஜோட்டின் உட்புறத்தில் நெருக்கமாகப் பின்னுகிறார்கள். கால் ஊன்றும்போது வளையங்கள் அமுங்கிப் பாரத்தை அக்கம்பக்கத்துக்குப் பரப்புகின்றன. அது மட்டுமன்று, பாதம் முன்னும் பின்னும் இழுபடும்போது வளையங்கள் தாமும் சாய்ந்து கொடுக்கின்றன. தோல் உராய்வதற்குப் பதிலாக நூல் உராய்கிறது.

வளையங்களை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பவரின் புத்தி தெரிகிறது. குதிகாலிலும், முன்பாதத்து மேட்டிலும், விரல்களைச் சுற்றிலும் அடர்த்தியாக வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் மெல்லிய பின்னலே போதும். அங்கும் மெத்தை வைத்தால் பூட்ஸுக்குள் கால் நெருக்குண்ணும். விரல் நுனியில் இன்னொரு தொல்லை. யந்திரம் மேஜோட்டைக் குழாயாகப் பின்னிக் கடைசியில் வாயை மூடித் தைக்கிறது. அந்தத் தையல் உட்புறம் வரப்புப்போல் நிற்கும். உங்களுக்கும் எனக்கும் அது உறுத்தினால் விரலை நெளித்துச் சரிசெய்துகொள்வோம். மரத்த விரலோ நாள் முழுவதும் அதன்மேல் தேய்ந்துகொண்டேயிருக்கும். ஆகையால் நல்ல மேஜோட்டில் கண்ணியோடு கண்ணி கோத்து, வரப்பே இல்லாமல் மூடியிருப்பார்கள். வாங்குமுன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். கிழிந்ததைத் தைத்துப் போடும் சிக்கனமும் இங்கே கூடாது.

மேல் வாய் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு ஆகாது. கழற்றியதும் காலில் பள்ளம் தெரிந்தால் அந்த மேஜோடு உதவாது. தளர்ந்திருந்தாலோ கீழே வழிந்து சுருக்கம் விழும். அந்தச் சுருக்கமே இன்னொரு புளியங்கொட்டை. பிடிக்காமல் நிற்க வேண்டும்! அகலமான மேல்பட்டையும், குதிகாலுக்குச் சரியான பையும், காலின் அளவுக்கேற்ற நீளமும் சேர்ந்தால் இது கைகூடுகிறது. "எல்லாக் காலுக்கும் ஒரே அளவு" என்று விற்பதை நான் வாங்குவதில்லை. கால் வீக்கத்துக்காகவே இறுக்கிப் பிடிக்கும்படி செய்த வேறு ஜாதி மேஜோடும் உண்டு. அது வைத்தியர் சொல்லாமல் அணியக் கூடியதன்று.

நமக்குப் பருத்தியின்மேல் அபிமானம் அதிகம். ஆனால் வெறும் பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நனைந்த வளையங்கள் படுத்துவிடுகின்றன. கம்பளியோ செயற்கை இழையோ கலந்தால் ஈரம் வெளியேறும், வளையமும் நிமிரும். வெள்ளி நூல், செப்பு நூல் என்று பொட்டலத்தின்மேல் எழுதியிருக்கும் அதிசயங்களைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? 1989-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து வைத்தியர்கள் இதை அளந்து பார்த்தார்கள். வெறுங்காலோடு நடப்பதைவிட, மெத்தை மேஜோடு அணிந்து நடந்தபோது முன்பாதத்து அழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. பல மாதம் அணிந்த பிறகு அந்தப் பலன் தேய்ந்ததேயன்றி அடியோடு மறையவில்லை என்று மறு வருஷம் எழுதினார்கள். மேஜோட்டுக்கும் ஆயுள் உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இவ்வளவையும் படித்துத் தேறியவன் செய்த பிழையையும் சொல்லவேண்டும். மிகத் தடித்த மேஜோடாகப் பார்த்து நான் ஆறு ஜோடி வாங்கிச் சென்றேன். பெரியப்பா அதைத் தம் பழைய பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டார். மூன்றாம் நாள் பெருவிரலின் ஓரம் நெருப்பாய்ச் சிவந்துவிட்டது. மெத்தைக்கும் இடம் வேண்டுமே! ஒரு பாயில் இருவர் படுக்கலாம். பூட்ஸுக்குள் அது நடவாது. அப்புறம் அவருக்கு விரல் பக்கம் அகலமும் உள்ளே ஆழமும் கூடிய பூட்ஸ் வாங்கினோம். கால் சற்று உப்பியிருக்கும் மாலை வேளையில், புது மேஜோட்டை மாட்டிக்கொண்டே போய் அளவு பார்த்தோம்.

இன்னொரு சங்கடம் வீட்டுக்குள். மரத்த காலோடு வெறுங்காலில் நடக்கக் கூடாது. மேஜோடு மட்டும் போட்டும் நடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் இதே விதிதான் என்று வைத்தியர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மெத்தை வைத்திருந்தாலும் மேஜோடு முள்ளைத் தடுக்காது. உச்சி வேளையில் கோயில் பிராகாரத்துக் கல்லின் சூட்டையும் தடுக்காது. ஆனால் செருப்போடு கூடத்தில் நடப்பதா? பெரியம்மா ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. பிறகு, தெருவையே பார்க்காத புதுச் செருப்பு ஒன்று வீட்டுக்கென்று வந்தது. அது பூஜை அறை நிலைப்படியோடு நின்றுவிட வேண்டும். பெரியப்பா அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்பிடலாம் என்று ராஜி ஏற்பட்டது. கோயிலுக்கு இப்போது விடியற்காலையில் போகிறார்கள்.

பெரியம்மாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த மெத்தையும் அந்தப் புளியங்கொட்டையைத் தடுத்திருக்காது என்றுதான் அவளிடம் சொன்னேன். "ஆனால் மேஜோடு வெள்ளையாக இருந்திருந்தால், முதல் நாளே கறை தெரிந்திருக்கும், பெரியம்மா."

அவள் சற்று நேரம் பேசவில்லை. "பழுப்பு நிறம் அழுக்குத் தெரியாது என்று நான்தானே வாங்கி வரச் சொன்னேன்" என்றாள்.

இப்போது அவர்கள் வீட்டுக் கொடியில் வெள்ளை மேஜோடுகள் வரிசையாகக் காய்கின்றன. இரவில் படுக்குமுன் பெரியம்மா விளக்கை அருகில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிறாள். மாலையில் அவர் பூட்ஸை மாட்டுமுன், அதற்குள் கையை விட்டுத் துழாவிக் கொடுக்கிறாள். "தலைமை ஆசிரியருக்கே பரீட்சை நடக்கிறது" என்கிறார் பெரியப்பா. போன வாரம் ஒரு குண்டூசி அகப்பட்டது. அதை மாடத்தில், அந்தப் புளியங்கொட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.